பழைய ரயில்வே குளம், இன்றைய பூங்கா: மண்ணைச் சோதிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் ஒரு குளம் இருக்கிறது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ரயில்வே வெட்டிய குளம். இன்றைக்கு அதன் கரையில் ஊஞ்சல், சறுக்குமரம், ஞாயிற்றுக்கிழமையானால் பிராய் (இறைச்சி சுடும் அடுப்பு) புகை. பிள்ளைகள் அந்த மண்ணில்தான் புரளுகிறார்கள். மண் எப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது. அதனால் தெருக்காரர்கள் காசு சேர்த்துச் சோதனைக்குக் கொடுத்தோம். அதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பழங்கதை

மண்வெட்டியை அப்புறம் எடுக்கலாம். கேப் டவுன் மோப்ரேயில் இருக்கும் தேசிய புவிவெளித் தகவல் அலுவலகத்திடம் 1930-களிலிருந்து எடுத்த வான்படங்கள் உண்டு. வெவ்வேறு ஆண்டுப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். லோக்கோ ஷெட் எங்கே, சாம்பல் கொட்டியது எங்கே, ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கியது எங்கே, டீசல் டாங்கி எங்கே? நகலில் பேனாவால் வட்டம் போடுங்கள்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நஞ்சு. நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், பிஏஎச் (நிலக்கரியும் எண்ணெயும் சரியாக எரியாதபோது உண்டாகும் நச்சு வேதிப்பொருள்கள்). ஸ்லீப்பர் கட்டை உளுக்காமல் இருக்கப் பூசிய கிரியோசோட் என்ற தார் எண்ணெயிலும் பிஏஎச்தான். பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் பிசிபி என்ற குளோரின் கலந்த வேதிப்பொருள். பாய்லரைச் சுற்றிய உறையில் ஆஸ்பெஸ்டாஸ். நேட்டால் ரயில்வேயில் உழைத்த குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம். ஒரு தாத்தாவிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தால், படத்தில் தெரியாத சாம்பல் மேட்டையும் காட்டிவிடுவார்.

நடந்து பாருங்கள்

நகராட்சியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். குளத்தோரம் தண்ணீர்மேல் வானவில் படலம் மிதந்தால் ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடித் துண்டுகள்போல் உடைந்து தனித்தனியே நின்றால் அது பெரும்பாலும் இரும்புப் பாக்டீரியா, பயமில்லை. உடனே மறுபடி ஒன்றாகக் கூடிக்கொண்டால் எண்ணெய். நார்நாராகப் பிரியும் சாம்பல் நிறத் துண்டு கிடந்தால் கை வைக்கவே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸைத் தொடப் பதிவு பெற்ற ஒப்பந்ததாரர்தான் வரவேண்டும்.

மண் எடுப்பது: இங்கேதான் எல்லாம்

ஐந்து இடத்து மண்ணை ஒரே வாளியில் கலந்து ஒரே சாம்பிளாகக் கொடுத்தால் செலவு மிச்சம் என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒரு கணக்கு: நான்கு இடத்தில் ஈயம் கிலோவுக்கு 20 மில்லிகிராம், ஊஞ்சலடியில் 1,000. கலந்தால் சராசரி 216. தென்னாப்பிரிக்க விதிகளில் சாதாரணக் குடியிருப்பு நிலத்துக்கு ஈயத்தின் வரம்பு 230. ஆக, பூங்கா பாஸ்! ஊஞ்சலடி மண்ணை வாயில் வைக்கும் குழந்தைக்குச் சராசரி எதற்கு?

அதனால் வட்டம் போட்ட ஒவ்வோர் இடத்திலும், பிள்ளைகள் விளையாடும் ஒவ்வோர் இடத்திலும் தனித்தனி மாதிரி எடுங்கள். மேல்மண் தனி, அரை மீட்டர் ஆழம் தனி. பூங்கா கட்டும்போது மேலே புது மண் கொட்டியிருப்பார்கள், சாம்பல் அதற்குக் கீழே படுத்திருக்கும். தூர்வாரிக் கரையில் பரப்பிய சேறு இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். ரயில்வே வாசமே இல்லாத தூரத்திலிருந்தும் ஒன்றிரண்டு எடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க.

என் ஓட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டிக்கு. பெயின்ட் அடித்த மண்வெட்டி வேண்டாம், அந்தப் பெயின்டே முடிவைக் கெடுக்கும். பிஏஎச் பார்க்க வேண்டியது கண்ணாடிக் குப்பியில், ஐஸ் பெட்டியில் போகவேண்டும். உலோகத்துக்கு பிளாஸ்டிக் பை போதும். ஒவ்வொரு குழிக்கும் புதுக் கையுறை.

ஆய்வகம்

சானாஸ் (தென்னாப்பிரிக்கத் தேசிய அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகமாகப் பாருங்கள். அந்த அங்கீகாரம் உங்களுக்கு வேண்டிய சோதனைக்கே இருக்கிறதா என்றும் கேளுங்கள். பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு கேள்வி: "உங்கள் கருவி காட்டும் குறைந்தபட்ச அளவு என்ன?" சில பிஏஎச்களுக்கு வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கும் கீழே. கருவியே 1-க்கு மேல்தான் காட்டும் என்றால், "கண்டறியப்படவில்லை" என்று வரும் பதிலால் பயனில்லை.

எண்ணை எதோடு ஒப்பிடுவது?

2014 மே 2 அன்று வெளியான மண் தர விதிகளில் ஈயத்துக்கு நான்கு எண்கள் (கிலோவுக்கு மில்லிகிராமில்): நீர்வளத்தைக் காக்க 20, முறைசாராக் குடியிருப்புக்கு (குடிசைப் பகுதி) 110, சாதாரணக் குடியிருப்புக்கு 230, வணிக, தொழிற்சாலை நிலத்துக்கு 1,900. பூங்காவுக்கென்று தனிப் பத்தி கிடையாது. புல் இல்லாத வெறும் மண்ணில் பிள்ளைகள் விளையாடினால் நான் 110-ஐத்தான் எடுப்பேன். குளத்தை ஒட்டிய மண்ணுக்கு 20-ஐயும் பாருங்கள். 1,900-ஐக் காட்டி யாராவது சமாதானம் சொன்னால் ஏற்காதீர்கள். வரம்பைத் தாண்டினாலே ஆபத்து உறுதி என்றும் ஆகாது, அடுத்து முழு ஆய்வு வேண்டும் என்பதுதான் பொருள்.

முடிவு வந்தபின்

ரிப்போர்ட்டை நில உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2008-ஆம் ஆண்டின் கழிவுச் சட்டம் 36-ஆம் பிரிவின்படி, நிலம் கணிசமாக மாசுபட்டது தெரிந்த உடனே உரிமையாளர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் கடிதம் போய்ச் சேர்ந்தபின் "தெரியாது" என்று சொல்ல முடியாது. "அது ரயில்வே காலத்துக் கதை" என்பதும் எடுபடாது. சட்டம் வருவதற்கு முன் நடந்த மாசுக்கும் 35-ஆம் பிரிவு பொருந்தும். பழைய ஆய்வறிக்கைகள் வேண்டுமா? 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தில் விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தரவேண்டும்.

பின்சேர்க்கை 1: தண்ணீர் சோதனையில் சுத்தம் என்று வந்ததே, மீன் பிடிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பிசிபி தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. சேற்றில் ஒட்டிக்கொண்டு மீனின் கொழுப்பில் ஏறும். அடிச்சேற்றில் மேயும் பார்பலை (கெளுத்தி மீன்), சேறும் மீனும் சோதிக்கும்வரை குழம்பில் போடாதீர்கள்.

பின்சேர்க்கை 2: இன்னொருவருக்குக் கரைச் சேற்றில் ஈயம் 50 என்று வந்து, 110-க்குக் கீழேதானே என்று நிம்மதியாகிவிட்டார். அது ஈர எடைக் கணக்கு. சேற்றில் 60 சதவீதம் தண்ணீர் என்றால் உலர்ந்த எடையில் அது 125, அதாவது 110-க்கு மேலே. ரிப்போர்ட்டில் "உலர் எடை" என்று போட்டிருக்கவில்லையென்றால் ஆய்வகத்துக்கு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.