மின் பாதுகாப்புப் பயிற்சி: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே, உரிந்த வயரைப் பயன்படுத்தாதே என்பதை எல்லாம் சொல்ல ஒரு பயிற்சியாளர் தேவையில்லை. தொழிற்சாலைகளில் வகுப்பெடுக்க வரும் இளைஞர்கள், நாங்கள் அந்த நாளில் சறுக்கிய அதே இடங்களில்தான் இன்றும் சறுக்குகிறார்கள்.

"மெயினை ஆஃப் செய்தாயிற்று"

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஒரு நூற்பாலையில் பேனல் வேலை. மர ஸ்டூலில் ஏறி நின்ற எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "சப்ளை இல்லை சார்" என்று முனையத்தை நோக்கிக் கையை நீட்டினார். "தம்பி, கையை எடுங்கள்" என்று சொல்லி மல்டிமீட்டரை வைத்தேன். 230 வோல்ட் காட்டியது. மின்வாரிய இணைப்பைத் துண்டித்தவர்கள், அதே பேனல் வழியே போகும் யுபிஎஸ் இணைப்பை மறந்துவிட்டார்கள். டெஸ்டரின் நியான் விளக்கு நம் உடல் வழியே தரைக்குப் போகும் சிறு மின்னோட்டத்தில்தான் எரிகிறது. மர ஸ்டூலில் நிற்பவருக்கு அது மங்கும். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

பயிற்சியில் இதை ஒரே ஸ்லைடில் ஓட்டிவிடுகிறார்கள். ஜெனரேட்டர், யுபிஎஸ், சோலார் என்று எத்தனை வழியாக மின்சாரம் வருகிறதோ அத்தனையையும் துண்டிக்க வேண்டும். வேலை செய்பவர் தன் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையை மாட்ட வேண்டும். சாவி அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும், சூப்பர்வைசர் மேசையில் அல்ல. மீட்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பேஸ்–பேஸ், பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த் என்று சோதித்து, மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் மீட்டரே பழுதாகியிருக்கலாம் அல்லவா? கெபாசிட்டர் பேனல் என்றால் இன்னும் மோசம்: ஆஃப் செய்த பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

ஆர்சிசிபி

மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச் இது. எவ்வளவு கசிவில் துண்டிக்கும் என்பதுதான் முக்கியம்: உயிர் காக்க 30 மில்லி ஆம்பியர். 300 என்பது தீ விபத்தைத் தடுக்க.

சுவரில் தொங்கும் படம்

மின் அதிர்ச்சிக்கு முதலுதவி சொல்லும் அறிவிப்பு, உள்ளூர் மொழியிலும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் பணியில் இருக்க வேண்டும் என்ற பகுதியைத்தான் யாரும் படிப்பதில்லை. படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட ஆலையில், நெஞ்சை அழுத்திக் காட்டச் சொன்னேன். ஒருவரும் முன்வரவில்லை.

வருகைப் பதிவேடு

பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் அது பயிற்சி ஆகிவிடாது. செய்து காட்டச் சொல்லுங்கள்.

"ஒன்றும் ஆகவில்லையே, விடுங்கள்"

மின் விபத்தைத் தெரிவிக்கச் சொல்லும் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 161 உயிரிழப்புக்கு மட்டுமானதல்ல. உயிரிழப்போ காயமோ நேர்ந்திருக்கக்கூடிய விபத்தும் அதில் அடங்கும். அதையும் மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். மேலாளர்களுக்கான வகுப்பில் முதல் பாடமாக இதை வையுங்கள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.