முதல் வேலைக்கு வழிகாட்டும் சீனியர்கள்: பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்தை நடத்தும் முறை

முன்னாள் மாணவர் சங்கம் என்றால் ஆண்டுக்கொரு சந்திப்பு, கட்டட நிதி, குழுப் புகைப்படம் என்று பல பள்ளிகளில் முடிந்துவிடுகிறது. பள்ளியை விட்டு இப்போதுதான் வெளியே வந்த பிள்ளைக்கு இவற்றால் ஒன்றும் ஆவதில்லை. "இந்த வேலைக்கு நீங்கள் எப்படிப் போனீர்கள்?" என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைக் கண்டுபிடித்து, பதில் சொல்ல வைத்து, அடுத்த ஆண்டும் வரவழைப்பதுதான் சங்கத்தின் வேலை.

வீட்டிலும் நண்பர்களிடமும் கேட்டால் போதாதா? போதாது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்த காலியிடம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம், எப்போதாவது என்றவர்கள் 55.6, அரிதாக என்றவர்கள் 27.8. சிறிய ஆய்வுதான். ஆனால் 2022-ல், வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரின் தொடர்புகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வும் ஏறத்தாழ அதே திசையில்தான் போனது: மிக நெருங்கியவரைவிட, ஓரளவு மட்டும் தொடர்புள்ளவரே வேலை மாற அதிகம் உதவுகிறார். அதே பள்ளியில் படித்த சீனியர் அந்த இடத்தில்தான் இருக்கிறார். பழக்கமில்லை, ஆனால் முற்றிலும் அந்நியரும் இல்லை.

பதிவேடு

பெயர், முடித்த ஆண்டு, இப்போதைய வேலை என்று மூன்று கட்டம் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மாணவருக்கு உண்மையில் உதவும் கட்டம் வேறு: முதல் வேலை என்ன, அது எப்படிக் கிடைத்தது. இன்று மேலாளராக இருப்பவர் எந்த வாசல் வழியாக உள்ளே போனார் என்பதுதான் பதினெட்டு வயதுக்காரருக்குத் தேவை. கூடவே பள்ளிக்குப் பின் என்ன படித்தார், எந்த ஊரில் இருக்கிறார், என்ன உதவி செய்யச் சம்மதம் என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்வியில் "உதவத் தயாரா?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள், அழைத்தால் வரமாட்டார்கள். பிரித்துக் கேளுங்கள்: செய்திக்குப் பதில் எழுதுவது, வகுப்புக்கு வந்து பேசுவது, மாதிரி இன்டர்வியூ எடுப்பது, பணியிடத்தைச் சுற்றிக் காட்டுவது, ரெசுமே பார்த்துத் திருத்துவது. ஆண்டுக்கு எத்தனை முறை என்பதையும் அவரே நிரப்பட்டும்.

தகவல் திரட்டச் சரியான நேரம் கடைசித் தேர்வுக்கு முந்தைய வாரம். அதற்குப் பிறகு ஒரு வகுப்பை முழுதாக ஓரிடத்தில் பார்க்கவே முடியாது. பள்ளி கொடுத்த மின்னஞ்சலை வாங்காதீர்கள், சில மாதங்களில் அது மூடப்பட்டுவிடும். சொந்த மின்னஞ்சல், கைபேசி எண், மாறாமல் இருக்கக்கூடிய வீட்டார் எண் ஒன்று, தகவலை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற எழுத்துச் சம்மதம், இவை நான்கும் வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒருமுறை சரிபாருங்கள். எண்ணும் ஊரும் அதிகம் மாறுவது அந்த முதல் ஆண்டில்தான். ஒவ்வொரு பேட்சுக்கும் இரண்டு பிரதிநிதிகள் இருக்கட்டும். ஒருவரை மட்டும் நம்பினால், அவர் வேலை மாறிய நாளில் அந்த பேட்சே கைவிட்டுப் போய்விடும்.

பழைய பேட்சுகளைத் தேட லிங்க்ட்இன்னில் பள்ளியின் பக்கத்தைத் திறந்து முன்னாள் மாணவர் பகுதிக்குப் போனால், படித்த ஆண்டு, ஊர், நிறுவனம், துறை வாரியாக வடிகட்டிப் பார்க்கலாம். ஒரு குறை உண்டு. கணினியில் வேலை பார்ப்பவர்கள்தான் அங்கே அதிகம் தென்படுவார்கள். மின்பணியாளர், செவிலியர், சமையல்காரர், லாரி வைத்துத் தொழில் செய்பவர், சொந்தக் கடைக்காரர் பெரும்பாலும் அங்கே இருக்கமாட்டார்கள். அவர்களை பேட்ச் பிரதிநிதி மூலம்தான் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் உலகத்தில் நான்கு வேலைகள்தான் உண்டு என்று மாணவர்கள் நினைத்துவிடுவார்கள்.

யாரை அழைப்பது

பெரிய பதவியில் இருப்பவரை மேடையேற்ற ஆசை வருவது இயல்பு. கைதட்டல் கிடைக்கும், படம் நன்றாக வரும், அவ்வளவுதான். இருபத்தைந்து ஆண்டுக்கு முன் அவர் விண்ணப்பித்த முறை இன்று இல்லை. பள்ளி முடித்து மூன்று முதல் ஏழு ஆண்டு ஆனவரே முதல் வேலைக்குச் சரியான ஆள். எந்தத் தேர்வு, எத்தனை சுற்று, முதல் மாதம் கையில் எவ்வளவு வந்தது என்பதெல்லாம் அவருக்கு மறந்திருக்காது. அனுபவசாலிகளை வேறு இடத்தில் வையுங்கள். அவர்கள் கையில் பயிற்சி இடங்கள் இருக்கும், அவர்கள் தொலைபேசியை எடுத்தால் கதவு திறக்கும்.

நிகழ்ச்சி நடத்தும் விதம்

ஒருவர் பேச இருநூறு பேர் கேட்கும் ஏற்பாட்டில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நான்கு சீனியர்கள், நான்கு மேசைகள், மேசைக்கு ஆறு முதல் எட்டு மாணவர்கள். 12 நிமிடத்துக்கு ஒருமுறை மாணவர் குழு இடம் மாற வேண்டும், சீனியர் அதே மேசையில் இருக்கட்டும். இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பெரிய வகுப்பானால் இதையே இரண்டு நாளாகப் பிரியுங்கள், மேசைக்குப் பதினைந்து பேரை அடைக்காதீர்கள்.

முந்தைய நாள் இருபது நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொரு மாணவரும் மூன்று கேள்வி எழுதி வரச் சொல்லுங்கள். இதைத் தவிர்த்தால் "உங்கள் வெற்றிக்குக் காரணம் என்ன?" என்ற ஒரே கேள்வி நான்கு மேசையிலும் சுற்றும். எதைக் கேட்பது என்று திணறுபவர்களுக்குச் சில:

- நேற்று காலை முதல் மாலை வரை என்னென்ன செய்தீர்கள்?
- முதல் வேலைக்கு எத்தனை இடத்தில் விண்ணப்பித்தீர்கள், எதில் நிராகரித்தார்கள்?
- இந்த வேலையில் பிடிக்காதது எது?
- இதே வேலைக்கு இன்று ஒருவர் வந்தால் அவரிடம் எதை முதலில் பார்ப்பீர்கள்?

சீனியர்களிடமும் முன்கூட்டி ஒன்று சொல்லிவிடுங்கள்: அறிவுரை வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும்.

மாணவர் எழுதும் முதல் செய்தி

பாதிக் காரியம் கெடுவது இங்கேதான். "வணக்கம் சார், ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று வரும் செய்திக்கு என்ன பதில் எழுத முடியும்? வேலை கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை, கேட்பவர் எதற்குத் தகுதியானவர் என்றும் தெரியாது. பதில் எழுதாமல் விட்டுவிடுவார். தகவல் கேட்டால் தருவார்கள். வேலையைப் பற்றிய பேச்சு அதிலிருந்து தானாகவே வரும். நான்கைந்து வரி போதும்:

"வணக்கம் அக்கா. நம் பள்ளியில் உங்களுக்கு நான்கு ஆண்டு பின்னால் படித்தேன். இப்போது கணக்கியல் இறுதி ஆண்டு. தணிக்கை நிறுவனத்தில் பயிற்சிக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். நீங்கள் அங்கேதான் தொடங்கினீர்கள் என்று சங்கப் பதிவேட்டில் பார்த்தேன். எழுத்துத் தேர்வுக்கு எதைப் படிப்பது என்று கேட்க 15 நிமிடம் பேசலாமா? சனி, ஞாயிறு மாலை எப்போதானாலும் எனக்குச் சரி."

யார், எப்படித் தெரியும், என்ன வேண்டும், எவ்வளவு நேரம், எப்போது என எல்லாம் இதில் வந்துவிடுகிறது. சில ஆண்டு மூத்தவரை அண்ணா, அக்கா என்று அழைப்பதில் தவறில்லை. இருபது ஆண்டு மூத்தவருக்குச் சார், மேடம் பாதுகாப்பு. பதில் இல்லையென்றால் பத்து நாள் கழித்து ஒரே ஒருமுறை நினைவூட்டலாம், பிறகு அடுத்தவரிடம் போக வேண்டும். ஒரே செய்தியை முப்பது பேருக்கு நகலெடுத்து அனுப்பினால் அது எப்படியும் தெரிந்துவிடும். சீனியர்களுக்குள் பேச்சு இருக்கும்.

பேசி முடித்த இரண்டு நாளுக்குள் நன்றி எழுதுவதோடு, அவர் சொன்னதில் எதைச் செய்தீர்கள் என்று மூன்று வாரம் கழித்தும் ஒரு வரி எழுதுங்கள். இந்த இரண்டாவது செய்தியைப் பத்தில் ஒருவர் அனுப்பினாலே அதிகம். அனுப்புகிறவரைத்தான் அடுத்த காலியிடம் வரும்போது நினைவுக்கு வரும்.

ரெஃபரல்

ரெஃபரல் என்பது ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவர் தனக்குத் தெரிந்தவரை அங்கே வேலைக்குப் பரிந்துரைப்பது. பல நிறுவனங்களில் இதற்கென்று ஓர் உள் தளம் இருக்கும். அங்கே சீனியர் ரெசுமேவைப் பதிவேற்றிய பிறகுதான் விண்ணப்பம் போக வேண்டும். அவசரப்பட்டு இணையத்தில் தானாக விண்ணப்பித்துவிட்டுப் பிறகு ரெஃபரல் கேட்டால், ஏற்கெனவே பதிவான பெயர் என்று தளம் ஏற்காமல் போகலாம். கேட்கும்போது அறிவிப்பில் உள்ள வேலையின் எண் (ஜாப் ஐடி), இரண்டு பக்கத்துக்கு மிகாத ரெசுமே, அந்த வேலைக்கு ஏன் பொருந்துகிறோம் என்று மூன்று வரி, மூன்றையும் ஒரே செய்தியில் கொடுங்கள். சீனியர் அதை அப்படியே ஒட்டினால் வேலை முடிந்தது.

ரெஃபரல் கிடைத்தால் பெரும்பாலும் ரெசுமேவை ஒரு மனிதர் திறந்து பார்ப்பார். அதைத் தாண்டி உத்தரவாதம் இல்லை, இன்டர்வியூவை மாணவர்தான் கடக்க வேண்டும். இதைச் சங்கம் முன்கூட்டியே சொல்லிவிடாவிட்டால், கிடைக்காத பிள்ளையின் வீட்டில் சீனியர் மீது மனத்தாங்கல் வரும். சீனியருக்கும் மறுக்கும் உரிமை உண்டு. தன் பெயரை அடகு வைக்கிறார் அல்லவா?

வாட்ஸ்அப் குழு

ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் எல்லா பேட்சையும் ஒன்றாகப் போடத் தோன்றும். காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, அரசியல், இவற்றின் அடியில் நல்ல காலியிட அறிவிப்பு புதைந்துபோகும். வேலைத் தகவலுக்குத் தனிக் குழு தொடங்கி, நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி அமையுங்கள். ஒவ்வொரு அறிவிப்பிலும் வேலை, தகுதி, இடம், சம்பளம், கடைசித் தேதி, விவரம் கேட்க வேண்டிய முன்னாள் மாணவர் ஆகிய ஆறும் இருக்க வேண்டும். ஆறாவது இல்லாத அறிவிப்பைப் போடவே போடாதீர்கள். எங்கிருந்தோ வந்த ஃபார்வர்டு சங்கத்தின் பெயரில் போனால் மோசடிக்குச் சங்கமே துணை போனதாகிவிடும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் உடனே நீக்குங்கள்.

18 வயது நிரம்பாத மாணவர்களுக்கு வேறு விதி. சீனியருடன் தனிச் செய்தி, தனிச் சந்திப்பு கூடாது. எல்லாம் பொறுப்பாசிரியர் வழியாக, அவரும் இருக்கும் குழுவிலேயே நடக்க வேண்டும். நல்லவர்கள் இதில் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

கணக்கு

உறுப்பினர் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுவதில் பயனில்லை. மூன்று எண்களை மட்டும் ஆண்டுதோறும் எழுதி வையுங்கள்: எத்தனை பேர் உதவி கேட்டார்கள், அதில் எத்தனை பேருக்கு ஏழு நாளுக்குள் பதில் போனது, எத்தனை பேர் இன்டர்வியூ அல்லது பயிற்சி வரை போனார்கள். இரண்டாவது எண் சரிந்தால், நான்கைந்து சீனியர்களையே திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்கிறீர்கள் என்று பொருள். ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு மாணவருக்கு மேல் தராதீர்கள்.

வேலை கிடைத்த மாணவரை முதல் மாதத்திலேயே அழைத்துப் பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள். எத்தனை இடத்தில் விண்ணப்பித்தார், எந்தக் கேள்வியில் தடுமாறினார், யார் உதவினார் என்று அப்போது கேட்டால் துல்லியமாகச் சொல்வார். ஓராண்டு கழித்துக் கேட்டால், "எப்படியோ கிடைத்துவிட்டது" என்பார்.