நேர்காணலில் தைரியத்தைக் கெடுக்கும் தவறுகள்

வேலையைக் கரைத்துக் குடித்தவர் நேர்காணலில் சொதப்பிவிட்டு வெளியே வருவார். அரைகுறையாகத் தெரிந்தவர் சேரும் தேதியைக் கேட்டுக்கொண்டு வருவார். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. முதலாமவரிடம் திறமை இருந்தது. தைரியசாலி மாதிரி காட்டிக்கொள்ள வேண்டும் என்று அவர் செய்த சில காரியங்கள்தான் காலை வாரிவிட்டன.

முதல் தவறு, பதற்றத்தை மறைப்பதிலேயே பாதி சக்தியைச் செலவழிப்பது. உள்ளே நெஞ்சு அடித்துக்கொள்வது எதிரே இருப்பவருக்கும் கேட்கிறது என்றே நமக்குத் தோன்றும். உண்மையில் அவ்வளவு தெரிவதில்லை. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003-இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். மேடையில் பேசியவர்கள் தங்கள் பதற்றம் அப்பட்டமாகத் தெரிந்துவிட்டதாக நினைத்தார்கள். கேட்டவர்களுக்குத் தெரிந்ததோ அதைவிடக் குறைவு. ‘நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது’ என்று முன்கூட்டியே விளக்கிச் சொன்னபோது, அப்படிக் கேட்டுவிட்டுப் போனவர்கள் இன்னும் நன்றாகவே பேசினார்கள். ஆகவே கை லேசாக நடுங்கினால் நடுங்கட்டும். அதைக் கவனிக்காமல் கேள்வியைக் கவனியுங்கள்.

‘அமைதியாக இரு, அமைதியாக இரு’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வதும் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், மேடைப் பேச்சுக்கு முன்னால் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்களைவிட ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்கள். காரணம் எளிது. பயத்திலும் நெஞ்சு படபடக்கும், ஆர்வத்திலும் படபடக்கும். படபடப்பை நிறுத்துவது கஷ்டம். அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம்.

இடுப்பில் கை வைத்து இரண்டு நிமிடம் கம்பீரமாக நின்றால் உடம்பில் ஹார்மோனே மாறி தைரியம் வரும் என்ற ஆலோசனையை இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது 2010-இல் 42 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்விலிருந்து பரவியது. 2015-இல் 200 பேரை வைத்து மறுபடி செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் தெரியவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னியே, தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று 2016-இல் பகிரங்கமாக எழுதிவிட்டார். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, சொல்லப்போகும் முதல் வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

சரி, இனி பெரிய தவறுக்கு வருவோம். பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு போவது. நன்றாகத் தயார் செய்கிறோம் என்று நினைத்து ஊக்கமுள்ளவர்கள்தான் இதைச் செய்கிறார்கள் என்பதால் எனக்கு இதில் கூடுதல் வருத்தம். மனப்பாடம் செய்த பதிலில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் போய்விடும். கேள்வி கொஞ்சம் மாறி வந்தாலும், வேறு கேள்விக்கான பதில் தானாக வாயில் வந்து நிற்கும்.

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். பெயர், படிப்பு, மதிப்பெண், பொழுதுபோக்கு என்று ஒப்பிப்பவர்கள்தான் அதிகம். அதெல்லாம் கேள்வி கேட்பவர் கையில் இருக்கும் ரெஸ்யூமேயிலேயே இருக்கிறது. அதன்பின் ‘நான் கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுவேன்’ என்ற வரி வரும். அவர் அன்றைக்குக் காலையிலிருந்து அதை எத்தனை பேரிடம் கேட்டிருப்பாரோ!

ஒரு கிடங்கில் கணக்கு எழுதும் வேலை பார்த்தவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: “மூன்று வருடம் சரக்குக் கணக்கு பார்த்தேன். மாதக் கடைசியில் கணக்கும் கையிருப்பும் ஒத்தே வராது. தேடிப் பார்த்தேன். ராத்திரி ஷிஃப்டில் திரும்பி வரும் சரக்கை யாருமே எழுதவில்லை. வாசலிலேயே ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். இரண்டு மாதத்தில் கணக்கு சரியாக வந்தது.” கடின உழைப்பாளி என்று அவர் சொல்லவே இல்லை. ஆனால் கேட்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ‘நோட்டில் எழுத யாராவது முரண்டு பிடித்தார்களா?’ என்று கேட்பார். இவருக்கு அதற்கும் பதில் இருக்கும். அவரே நின்று பார்த்த விஷயம் அல்லவா? குரலில் நடுக்கம் இருந்தாலும் பேச்சில் தடுமாற்றம் இருக்காது.

எனவே பதில்களைத் தயார் செய்வதற்குப் பதில் சம்பவங்களைத் தயார் செய்யுங்கள். உங்கள் வேலையிலோ படிப்பிலோ நடந்த ஐந்தாறு போதும். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன நோட்டுக் கதை ஒன்றே பிரச்சினையைத் தீர்த்தது எப்படி, சக ஊழியரோடு முட்டிக்கொண்டது எப்போது, சொந்த முயற்சியில் செய்தது என்ன என்ற மூன்று கேள்விக்குப் பதிலாகும். போனில் பதிவு செய்து சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வார்த்தைகளில் வரட்டும்.

சொல்லும்போது ‘நாங்கள்’ என்பதற்குள் ஒளிந்துகொள்ள வேண்டாம். ‘நாங்கள் அந்த புராஜெக்ட்டை முடித்தோம்’ என்றால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது கேட்பவருக்குத் தெரியாது. தன்னைப் பற்றிப் பேசினால் தற்பெருமையாகிவிடுமோ என்ற கூச்சம் நம்மில் பலருக்கு உண்டு. ‘ஐந்து பேர் சேர்ந்து செய்தோம், அதில் சோதனைப் பகுதியை நான் பார்த்துக்கொண்டேன்’ என்று சொன்னால் பெருமையும் இல்லை, பொய்யும் இல்லை.

அப்புறம், கேள்வி முடிவதற்குள் பதிலைத் தொடங்கிவிடும் அவசரம். மொழி ஆய்வாளர் டான்யா ஸ்டிவர்ஸ் குழுவினர் 10 மொழிகளின் பேச்சை ஆராய்ந்து 2009-இல் எழுதியது ஒன்று உண்டு: ஒருவர் கேட்டு முடித்து மற்றவர் பதிலைத் தொடங்கும் இடைவெளி, சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். அந்தப் பழக்கத்தால்தான் மூன்று விநாடி மௌனம் நமக்கு ஒரு யுகமாகத் தெரிகிறது. ‘ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்’ என்று சொல்லிவிட்டால் அந்த மௌனம் தடுமாற்றமாகத் தெரியாது. பதில் முடிந்த பிறகும் அப்படித்தான். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நாம் வளவளவென்று இழுத்து, சொன்ன நல்ல பதிலை நாமே கெடுத்துக்கொள்வோம். பதில் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

தெரியாததைத் தெரிந்த மாதிரி சமாளிப்பது இதைவிட ஆபத்து. அடுத்த கேள்வியிலேயே குட்டு வெளிப்படும், அதன்பின் உண்மையாகச் சொன்னவற்றின் மேலும் சந்தேகம் விழும். ‘அதை நான் பயன்படுத்தியதில்லை, ஆனால் இதே மாதிரியான ஒன்றை ஆறு மாதம் கையாண்டிருக்கிறேன்’ என்று சொல்லத் தைரியம் வேண்டும். கேட்பவர் மனதில் நிற்பதும் அந்தத் தைரியம்தான். பலவீனம் என்ன என்று கேட்டால், ‘எதிலும் கச்சிதம் எதிர்பார்ப்பேன்’ என்று பலவீனத்துக்குப் பலத்தின் சட்டையை மாட்டாதீர்கள். உண்மையான ஒன்றையும் அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதையும் சொன்னால் போதும்.

பழைய மேலாளரைக் குறை சொல்ல ஆரம்பிக்காதீர்கள், நியாயம் உங்கள் பக்கமே இருந்தாலும். வீடியோ நேர்காணல் என்றால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டாம், முகம் இருட்டாகிவிடும்.

கடைசியாக ஒன்று. எல்லாம் நன்றாக முடிந்து எழுந்திருக்கும்போது, ‘ரொம்பப் பதற்றமாகிவிட்டது, சரியாகச் சொல்லவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பாவம், அதுவரை அவர் கவனித்திராத குறையைத் தாங்களே எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ‘சேர்ந்தால் முதல் மூன்று மாதத்தில் என்னிடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை முழுசாகக் கேளுங்கள். நன்றி சொல்லுங்கள், நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வெளியே வாருங்கள்.