காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு க்யூஆர்: புதுப் பொருளாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பக்கத்து ஊர்க் கிறிஸ்தவ சபையின் புதுப் பொருளாளர் போன் செய்தார். முப்பது வயது இருக்கும், சுறுசுறுப்பான பையன். "அண்ணாச்சி, கோயிலுக்கு ஜிபே ஆரம்பிச்சாச்சு. பேங்க்ல பேப்பர் வேலை இழுக்குது. அதுவரைக்கும் தற்காலிகமா என் நம்பரையே போர்டுல போட்டிருக்கேன்" என்றார். அந்தத் 'தற்காலிகமா'வைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2020-இல் நானும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

ஆறு வருடம், அதாவது இரண்டு தவணை, எங்கள் சபையில் பொருளாளராக இருந்தேன். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதே, தெரியாத லிங்க்கை அழுத்தாதே என்பதையெல்லாம் வங்கிக்காரர்களே தினம் ஒரு மெசேஜாக அனுப்புகிறார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நல்ல எண்ணத்தோடு, ஜெபம் பண்ணிவிட்டுச் செய்கிற தவறுகள்தான் இங்கே.

"இப்போதைக்கு என் நம்பருக்கு அனுப்புங்க"

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. கோயில் பூட்டியாயிற்று. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 12 ஈஸ்டர். வருடத்தில் காணிக்கை அதிகம் சேருகிற வாரங்களில் அதுவும் ஒன்று. சபை ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், கரன்ட் பில் கட்ட வேண்டும். ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், கேட்டார், நான் சரி என்றேன். சபை வாட்ஸ்அப் குழுவில் என் போன் நம்பரைப் போட்டு, "காணிக்கைகளைத் தற்காலிகமாக இந்த எண்ணுக்கு அனுப்பவும்" என்று எழுதினேன். இரண்டே நிமிட வேலை. அதை அவிழ்க்க எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

போன் நம்பருக்கு அனுப்பும் பணம், அந்த நம்பரில் முதன்மைக் கணக்காக எது வைக்கப்பட்டிருக்கிறதோ அதில் போய் விழும். எனக்கு அது சம்பளக் கணக்கு. வீட்டுக்கடன் தவணையும் அதே கணக்கிலிருந்துதான் போகும். அந்தச் சமயம் ரிசர்வ் வங்கி அறிவித்த தவணை ஒத்திவைப்பை நானும் எடுத்திருந்தேன், அதனால் ஐந்தாம் தேதி என்ற ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. ஒத்திவைப்பு ஆகஸ்ட் 31-உடன் முடிந்தது. செப்டம்பர் 5, சனிக்கிழமை, 11,400 ரூபாய் தவணையாகக் கழிந்தது. அந்த மாதம் என் சம்பளம் இன்னும் வரவில்லை. கணக்கில் இருந்ததெல்லாம் கோயில் காசு.

அதாவது, ஒரு பாட்டி பேரனிடம் சொல்லி அனுப்பிய 100 ரூபாயும், பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளை முதல் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்காகக் கொடுத்த தசமபாகமும் சேர்ந்து என் வீட்டுக்கடனைக் கட்டிவிட்டன. எனக்கு இது திங்கட்கிழமை ஐயர் "38,000 ரூபாயைக் கோயில் கணக்குக்கு மாத்திடுங்க" என்று சொன்னபோதுதான் தெரிந்தது. மச்சானிடம் கைமாற்று வாங்கி அன்றே நிரப்பினேன். யாரும் என்னைத் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. வருடக் கணக்கு முடிக்கும்போது கமிட்டியில் ஒருவர், "பேங்க் ஸ்டேட்மென்ட் இருந்தா நல்லா இருக்கும்" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். கொடுக்கவில்லை என்றால் சந்தேகம் வரும். கொடுத்தேன். பதினான்கு பக்கம். காணிக்கை வரிகளுக்கு இடையில் என் முழுக் குடும்ப வாழ்க்கையும் அச்சாகி இருந்தது: நகைக்கடன் வட்டி, சீட்டுப் பணம், ஆட்டுக்கறிக் கடை, வீட்டில் சொல்லாமல் தங்கைக்கு அனுப்பிய 3,000 ரூபாய். அந்த 3,000 ரூபாய் விஷயம் அன்று சாயங்காலமே பெண்கள் ஐக்கியம் வழியாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இதில் இன்னும் இரண்டு ஆபத்து உண்டு, நல்லவேளையாக எனக்கு நடக்கவில்லை. ஒன்று, லட்சக்கணக்கில் உங்கள் சொந்தக் கணக்கில் வரவு இருந்து வருமான வரித் துறை விளக்கம் கேட்டால், அது உங்கள் வருமானம் இல்லை என்று காகிதத்தோடு காட்ட வேண்டியவர் நீங்கள்தான், சபை இல்லை. இரண்டு, இணைய மோசடியில் பறிபோன பணத்துக்காக யாராவது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் செய்தால், அந்தப் பணம் பயணித்த கணக்குகளையெல்லாம் முடக்கி வைக்கலாம். நம்பரைக் குழுக் குழுவாகப் பரப்பிவிட்டீர்கள். யார் என்ன பணத்தை அனுப்புகிறார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்படி ஒன்று வந்து விழுந்தால் உங்கள் சம்பளமும் சேர்ந்து முடங்கலாம்.

அந்தத் தம்பி சொன்ன காரணம் எனக்கும் தெரிந்ததே. சபைக் கணக்கு என்றால் ஐயரும் பொருளாளருமாக இரண்டு கையெழுத்து. இருவர் சேர்ந்து இயக்கும் கணக்கை ஜிபே, போன்பே போன்ற ஆப்பில் சாதாரணமாக இணைக்க விடமாட்டார்கள். அதனால்தான் எல்லோரும் சொந்த நம்பருக்கு ஓடுகிறார்கள். வழி வேறு: கணக்கு இருக்கிற வங்கிக் கிளையில் போய், அந்தக் கணக்குக்கு வணிகர் க்யூஆர் வேண்டும் என்று கேளுங்கள். இது பணத்தை வாங்க மட்டும்தான். எடுக்க வேண்டுமானால் பழையபடி இரண்டு கையெழுத்துக் காசோலைதான். நமக்கு வேண்டியதும் அதுதானே. கமிட்டித் தீர்மான நகல், இருவரின் அடையாளச் சான்று, பான் எண் கேட்பார்கள். எந்தப் பான் எண்ணைக் கொடுப்பது என்று, பல சபைகளுக்கும் மேலே இருக்கிற திருமண்டல அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தனிச் சபைகள் என்றால் டிரஸ்ட் அல்லது சங்கமாகப் பதிந்த பெயரில் கணக்கு இருக்க வேண்டும். இதற்கு ஒரு மாதம் ஆனால் ஆகட்டும். அந்த ஒரு மாதம் காணிக்கைப் பை போதும், அல்லது கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். 2019 டிசம்பர் முதல் நெஃப்ட் நாள் முழுக்க, ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறது.

எதற்கு வந்த காசு?

கவரில் காணிக்கை வந்த காலத்தில் கவர் மேலேயே எழுதியிருக்கும்: தசமபாகம், சந்தா, ஸ்தோத்திரக் காணிக்கை, கட்டட நிதி, மிஷனெரிக் காணிக்கை. யுபிஐயில் வருவது தொகையும் பாதி வெட்டுப்பட்ட ஒரு பெயரும்தான். பல சமயம் பெயரும் மகனுடையதாகவோ மருமகளுடையதாகவோ இருக்கும். எங்கள் சபையில் சந்தா பாக்கி இருந்தால் சபைத் தேர்தல் வாக்காளர் பட்டியலில் பெயர் வராது. ஒரு அம்மா பதினொரு மாதம் ஒழுங்காக மகன் போனிலிருந்து அனுப்பியிருக்கிறார். நான் அதை 'பொதுக் காணிக்கை' என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். தேர்தல் சமயத்தில் அவர் பெயர் பட்டியலில் இல்லை. கோயில் வாசலில் அவர் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

குறிப்பில் குடும்ப எண் போடச் சொன்னேன், பத்தில் மூன்று பேர் போட்டார்கள். பிறகு ஒரு சில்லறைத் தந்திரம் கைகொடுத்தது: தொகையின் கடைசி இலக்கம். சந்தா என்றால் 1, கட்டட நிதி 2, மிஷனெரி 3. 501 வந்தால் சந்தா, 1,002 வந்தால் கட்டட நிதி. "இது மொய் வைக்கிற மாதிரி இருக்கே" என்று சிரித்தார்கள், ஆனால் பழகிவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் க்யூஆர் ஒட்டியும் பார்த்தேன். ஜனங்கள் எது கண்ணில் முதலில் படுகிறதோ அதை ஸ்கேன் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இன்னொன்று: வங்கியிடம் வாங்காமல் ஏதாவது ஆப் கம்பெனியின் க்யூஆர் வைத்தால், ஞாயிறன்று நாற்பது பேர் கொடுத்தது மறுநாள் ஒரே தொகையாக வந்து விழலாம். பாஸ்புக்கில் ஒரே வரிதான் இருக்கும். யார் யார் என்பது அவர்கள் தருகிற அறிக்கையில்தான் கிடைக்கும். அதை வாரா வாரம் இறக்கிக்கொள்ளுங்கள். மார்ச் மாதம் மொத்தமாகப் பார்க்கலாம் என்று நினைத்தால் மார்ச்சில் அழுவீர்கள்.

ஸ்கிரீன்ஷாட்டுக்கு ரசீது

போடாதீர்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு சேவலை 2,500-க்கு எடுத்தவர் போனைக் காட்டினார், நான் ரசீது கிழித்தேன். பணம் 'நிலுவை' என்று நின்று, இரவில் அவருக்கே திரும்பிவிட்டது. சேவல் அதற்குள் குழம்பாகிவிட்டது. பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண் நம் பக்கத்தில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே எழுதுங்கள்.

சவுண்ட்பாக்ஸ்

பணம் வந்ததும் சத்தமாக அறிவிக்கிற பெட்டி. கோயிலுக்குள் வேண்டவே வேண்டாம். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று ஐயர் பிரசங்கித்துக்கொண்டிருக்கும்போது, கதவோரம் அது "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்று கத்தும்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள்

இதை யாரும் தவறு என்றே நினைப்பதில்லை. யூடியூப் நேரலையின் மூலையில் க்யூஆர் போடுகிறோம், லண்டனில் இருக்கிற அண்ணன் மகன் பார்க்கிறான், அனுப்புகிறான். சந்தோஷம். ஆனால் அவன் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது?

இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்பவர், தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டால் போதும். பிரிட்டிஷ், அமெரிக்க, கனடியக் குடியுரிமை வாங்கிவிட்டவர் நம் ஊரில் ஞானஸ்நானம் எடுத்தவராகவே இருந்தாலும், சட்டப்படி அவர் வெளிநாட்டு மூலம். இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தருகிற ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். அவரிடமிருந்து வாங்க எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்றே திறந்த கணக்கில்தான் முதலில் வாங்க வேண்டும். உங்கள் ஊர்க் கிளைக் கணக்கில் அது விழவே கூடாது.

சிக்கல் என்னவென்றால், பார்த்தால் தெரியாது. 2023 முதல் சில நாடுகளின் போன் எண்ணிலேயே, வெளிநாட்டில் வாழ்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை யுபிஐயில் இணைக்க அனுமதித்திருக்கிறார்கள். பாஸ்புக்கில் அந்தப் பணம் உள்ளூர்க்காரர் அனுப்பியது போலவே நிற்கும். நேரலையில் க்யூஆர் போடுவதானால், "இந்தியக் குடிமக்கள் மட்டும்" என்று கீழே ஒரு வரி போடுங்கள். சந்தேகமான வரவு தெரிந்தால் செலவு செய்யாமல் திருமண்டல அலுவலகத்திடமோ ஆடிட்டரிடமோ உடனே சொல்லுங்கள்.

கார்டு வாங்கும் வசதி

வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐக்கு 2020 ஜனவரி முதல் வாங்குபவருக்குக் கட்டணம் இல்லை. கிரெடிட் கார்டு அப்படியல்ல. 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 5,000 ரூபாய் தசமபாகத்தில் 100 ரூபாயும், அதற்கு 18 ரூபாய் ஜிஎஸ்டியும் போய் 4,882 வரும். ரசீது 5,000-க்கே போட்டு, 118-ஐச் செலவில் எழுதுங்கள். 4,882-க்கு ரசீது போட்டு ஒரு மூப்பரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் சொல்கிறேன். கடனட்டையில் தசமபாகம் சரியா என்பது ஐயர் பாடு.

80ஜி உண்டு என்று சொல்லிவிடுவது

நன்கொடை கொடுத்தவருக்கான அந்த வருமான வரிச் சலுகை, வழிபாட்டுக்கு மட்டுமான காணிக்கைக்குப் பொதுவாகக் கிடையாது. தெரியாமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பையை நிறுத்துவது

கூடாது. காணிக்கைக்கென்று தினம் பிடி அரிசி எடுத்து வைத்த பாட்டிகள் இன்னும் முன் வரிசையில் இருக்கிறார்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாணயத்தைப் பையில் போடுகிற சத்தம்தான் காணிக்கை.

பதவி மாறும் நாள்

நோட்டு, சாவி, ரசீதுப் புத்தகம் எல்லாம் கைமாறும். வணிகர் க்யூஆரில் பதிந்திருக்கிற போன் எண் மட்டும் பழைய பொருளாளருடையதாகவே இருக்கும். பணம் வந்த மெசேஜ் அவருக்கே போய்க்கொண்டிருக்கும். ஐயருக்கு மாறுதல் வந்தாலும் இதே கதை. கோயிலுக்கென்று ஒரு சிம் வாங்கி, அது இருக்கிற போனை அலுவலக அறையில் வைத்துவிடுங்கள். பலகையில் உள்ள ஸ்டிக்கர் மேல் வேறு யாரும் ஸ்டிக்கர் ஒட்டவில்லையா என்று ஞாயிறு காலை ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பதும் அந்தப் போனோடு சேர்ந்த வேலைதான்.

என் பதவி 2023-இல் முடிந்தது. குழுவில் போட்ட பழைய செய்தியை அழித்தேன், மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசித்தோம். ஆனாலும் பலருடைய ஆப்பில் 'கோயில்' என்ற பெயரில் என் நம்பர் அப்படியே இருக்கிறது. போன கிறிஸ்துமஸ் ராத்திரி ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் 501 ரூபாய் வந்திருந்தது. அனுப்பியவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுநாள் காலை கோயில் கணக்குக்கு மாற்றி, புதுப் பொருளாளரிடம் சந்தா ரசீது வாங்கி, அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.