“அட்ரஸ் குடுக்காதே” என்றால் அந்த அறை வேண்டாம்

அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு விசா கிடைத்த சந்தோசம் ஆற முதலே, ஹோம் ஒஃபிஸ் (பிரிட்டனின் உள்துறை அமைச்சு) தந்த இடத்தை விட்டு எழும்பச் சொல்லிக் கடிதம் வரும். அந்த அந்தரத்தில் லண்டனில் அறை தேடுகிற எங்கட ஆக்களுக்காகத்தான் இது.

வருமானம் இல்லாதவர்களுக்கும் குறைந்தவர்களுக்கும் அரசு மாதாமாதம் தரும் உதவிப்பணமான யூனிவேர்சல் கிரெடிற்றுக்கு ஒன்லைனில் பதிவது, ஜொப் சென்டருக்குப் போவதெல்லாம் யாராவது காட்டித் தருவார்கள். முதல் காசு வர ஐந்து கிழமை அளவில் எடுக்கும். அட்வான்ஸ் கேட்கலாம், ஆனால் அது கடன், மாதாமாதம் கழிப்பார்கள். வாடகைப் பங்கும் அதற்குள்ளேயே உங்கள் கணக்குக்கு வரும், வீட்டுக்காரருக்கு நீங்கள்தான் கட்ட வேணும். அந்தந்த வட்டாரத்துக்கு ஒரு உச்சத்தொகை இருக்கிறது. 35 வயதுக்குக் குறைந்த தனி ஆள் என்றால் பெரும்பாலும் பகிர்ந்த வீட்டில் ஒரு அறைக்கான தொகைதான். தனி பிளாட் நினைப்பை இப்போதைக்கு விடுங்கள்.

என் கூட்டாளிக்கு ஈஸ்ட்ஹாம் பக்கம் அறை கொடுத்தவர் ஊர்க்காரர்தான். “தம்பி, வாடகை கையில தா. பெனிபிட்டுக்கு மட்டும் இந்த அட்ரஸைக் குடுத்திடாத” என்றார். இவனும் தலையாட்டினான். எனக்கு அது ஆச்சரியமில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் பொலிஸ் பதிவுக்கு ஓடித் திரிந்த காலத்தைக் கண்டவன் எவனுக்கும், பேர் ஒரு கடதாசியில் ஏறாமல் இருப்பதே பாதுகாப்பு என்றுதான் படும். இங்கே அது தலைகீழ். கடதாசியில் இல்லாதவனுக்கு ஒன்றும் இல்லை.

அட்ரஸ் கொடுக்காததால் அவனுக்கு வாடகைப் பங்கு வரவில்லை. சாப்பாட்டுக்கும் பஸ்சுக்கும் வந்த காசு அப்படியே வாடகைக்குப் போனது. பிறகு யாரோ சொல்லி ஜேர்னலில் (யூனிவேர்சல் கிரெடிற் ஒன்லைன் கணக்கில் செய்தி எழுதும் பக்கம்) அறிவித்தான். அறிவித்த மாதத்திலிருந்துதான் கணக்கு, போனது போனதுதான். அதோடு, வீடு மாறியதை அறிவிக்காதது அவன் பிழையாகத்தான் அங்கே பதிவாகும், வீட்டுக்காரரின் பிழையாக அல்ல. விசயம் தெரிந்ததும் ஊர்க்காரர் அறையை விடச் சொன்னார். டிப்போசிற்றைக் கேட்டால், “எந்த டிப்போசிற்?”

அட்ரஸைக் குடுக்காதே என்று சொல்கிறவருக்கு உங்களில் இரக்கம் ஒன்றுமில்லை. வாடகை வருமானத்தை வரிக்குக் காட்டியிருக்க மாட்டார், அல்லது அத்தனை பேரை வைத்திருக்க கவுன்சில் லைசென்ஸ் இராது. கோயிலில் பக்கத்தில் நின்று கும்பிடுகிறவர் என்பதால் இதில் ஒன்றும் மாறாது. நேர்மையாக வாடகைக்கு விடுகிறவர் முதலில் உங்கள் ஷெயார் கோட்டை, அதாவது உங்கள் விசா நிலையை ஒன்லைனில் பார்க்க உதவும் குறியீட்டை, கேட்பார். இங்கிலாந்தில் வாடகைக்கு இருக்க உரிமை உண்டா என்று பார்ப்பது அவர் கடமை. அதைக் கேட்காமல் சாவியை நீட்டுகிறவரில் சந்தேகப்படுங்கள்.

வீட்டுக்காரர் வேறு இடத்தில் இருந்தால், வழக்கமான வாடகைக்கு டிப்போசிற் ஐந்து கிழமை வாடகையைத் தாண்டக்கூடாது. வாங்கி 30 நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு, விபரமும் தர வேணும். போடாவிட்டால் அந்தத் தொகையின் மூன்று மடங்கு வரை கோர்ட் உங்களுக்குக் கட்டச் சொல்லலாம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் நீங்கள் வாடகைக்காரர்தான். வீட்டுப் பிரச்சினைக்கு உதவும் ஷெல்டர், பொதுவாக ஆலோசனை தரும் சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு நிறுவனங்கள் இரண்டிலும் இலவசமாகக் கேட்கலாம், வெட்கப்படாதீர்கள்.

சொந்தக்காரர் வீடு என்றால் ஒன்று கவனியுங்கள். அண்ணனோ அக்காவோ அதே வீட்டில் இருந்துகொண்டு உங்களிடம் வாடகை வாங்கினால், அதற்கு யூனிவேர்சல் கிரெடிற்றில் வாடகைப் பங்கு தரமாட்டார்கள். மாமா, சித்தப்பாவுக்கு இந்தத் தடை இல்லை, ஆனால் அது உண்மையான வாடகையாக இருக்க வேணும்.

வாடகையை பாங்க் வழியாகவே அனுப்புங்கள், மாதத்தையும் அறையையும் குறிப்பில் எழுதி. காசாகத்தான் வேணும் என்று பிடிவாதம் பிடித்தால், கொடுத்த கையோடு “இந்த மாத வாடகை இவ்வளவு தந்திட்டன் அண்ணை” என்று வாட்ஸ்அப்பில் போடுங்கள். அவர் ஒரு கட்டைவிரல் படம் போட்டாலும் அது ஒரு ஆதாரம்.