நித்திரை வரேல்ல எண்டால் காலமையில இருந்து தொடங்குங்கோ

நித்திரை வரேல்ல எண்டு சொல்லுறவை எல்லாரும் இரவைத்தான் பிழை சொல்லுவினம். வெக்கை, நுளம்பு, பக்கத்து வீட்டு நாய், கட்டில் சரியில்லை, தலகணி சரியில்லை. அதுகளும் உண்மைதான், கீழ சொல்லுறன், ஆனா இரவு எப்பிடி நித்திரை வரும் எண்டது பெரும்பாலும் அண்டைக்குக் காலமை எத்தினை மணிக்கு எழும்பினனீங்கள், பின்னேரம் என்ன குடிச்சனீங்கள் எண்டதிலயே முடிவாகிடும். கட்டிலில விழுந்த பிறகு நித்திரையை வா வா எண்டு கூப்பிட்டு ஒரு பிரயோசனமும் இல்லை.

முதல் கொஞ்சம் விளக்கம், இது விளங்கினால் மிச்சம் சுகம். நித்திரையைக் கொண்டு வாறது ரெண்டு விசயம். ஒண்டு, முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில அடினோசின் எண்ட ஒரு பொருள் சேர்ந்துகொண்டே போகும், அது கூடக் கூட கண் சொருகும், நித்திரை கொண்டால் குறைஞ்சிடும். மற்றது உடம்புக்குள்ள ஓடுற மணிக்கூடு. இது சும்மா கதைக்குச் சொல்லுறதில்லை, கலங்களுக்குள்ளயே அப்பிடி ஒண்டு ஓடுது, அது எப்பிடி ஓடுது எண்டு கண்டுபிடிச்சதுக்குத்தான் 2017ல ஜெப்ரி ஹோல், மைக்கல் ரொஸ்பாஷ், மைக்கல் யங் எண்ட மூண்டு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு குடுத்தவை. அந்த மணிக்கூட்டை நாளுக்கு நாள் சரி பண்ணி வைக்கிறது கண்ணில படுற வெளிச்சம். இருட்டினால் மெலற்றோனின் எண்ட நித்திரை ஹோர்மோன் சுரக்கத் தொடங்கும், உடம்புச் சூடு மெல்ல இறங்கும், கொட்டாவி வரும். அடினோசினும் நிறையச் சேர்ந்து மணிக்கூடும் "நேரமாச்சு" எண்டு சொன்னால் படுத்த கொஞ்ச நேரத்தில ஆள் போயிடும்.

நித்திரை ஏன் தேவை எண்டு கேட்டால் "களைப்பு ஆறத்தானே" எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவம். ஆனா அந்த நேரம் உடம்பு சும்மா கிடக்கிறதில்லை. இரவின்ர முதல் பாதியில ஆழ்ந்த நித்திரை கூட இருக்கும், வளர்ச்சி ஹோர்மோன் கூடுதலாச் சுரக்கிறது அப்பதான், ரத்த அழுத்தமும் இறங்கி இருதயத்துக்கு ஒரு ஆறுதல் கிடைக்கும். விடியப்புறம் கனவு காணுற நித்திரை கூட. பகல் படிச்சதை மூளை பதிஞ்சு வைக்கிறதும் நித்திரையிலதான், அதால ஏஎல் சோதினைக்கு முதல்நாள் விடியும் வரைக்கும் முழிச்சுப் படிக்கிற பிள்ளை படிச்சதில கொஞ்சத்தைத் தானே அழிச்சுப்போட்டுத்தான் மண்டபத்துக்குள்ள போகுது. தொடர்ந்து சில நாள் நித்திரை குறைஞ்சால் இன்சுலின் வேலை செய்யுறது மட்டுப்படும், பசி கூடும், அதுவும் இனிப்பிலயும் பொரியலிலயும்தான் மனம் போகும். சீனி வருத்தக்காரர் இல்லாத வீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டிக் கிடக்கிற எங்கட ஊரில இது சின்ன விசயமில்லை.

வளர்ந்த ஆக்களுக்கு இரவுக்கு 7 மணித்தியாலமாவது வேணும். 13ல இருந்து 18 வயசுப் பிள்ளையளுக்கு 8 தொடக்கம் 10, ஆறு வயசில இருந்து பன்ரெண்டு வரைக்கும் 9 தொடக்கம் 12. "எனக்கு அஞ்சு மணித்தியாலம் காணும்" எண்டு பெருமையாச் சொல்லுறவை பஸ்ஸில சீற் கிடைச்ச உடன என்ன செய்யினம் எண்டு ஒருக்காப் பாருங்கோ.

இன்னொண்டு, இதைச் சொல்லாமல் விடேலாது. கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு ஆளை ஏத்த இறக்க யாழ்ப்பாணத்தில இருந்து இரவில வான் எடுக்கிறது எங்கட சனத்துக்குப் பழகிப்போன விசயம். 1997ல அவுஸ்திரேலியாவில செய்த ஒரு ஆய்வில 17 மணித்தியாலம் தொடர்ந்து முழிச்சிருந்த ஆக்களின்ர கையும் கண்ணும், ரத்தத்தில 0.05 வீதம் மதுசாரம் இருக்கிற ஆளின்ரயைப் போலத்தான் வேலை செய்தது. காலமை அஞ்சு மணிக்கு எழும்பின சாரதிக்கு இரவு பத்து மணியோட அந்த 17 மணித்தியாலம் முடிஞ்சிடும், வான் அப்பதான் கொடிகாமம் தாண்டும். அதால வாடகை பேசேக்க சாரதி பகல் நித்திரை கொண்டவரோ எண்டு வாய்விட்டுக் கேளுங்கோ, அவர் குறை நினைச்சாலும் பரவாயில்லை.

சரி, இப்ப செய்ய வேண்டிய விசயத்துக்கு வாறன். எல்லாத்திலயும் முக்கியமானது எழும்புற நேரம். படுக்கிற நேரத்தை இறுக்கிப் பிடிக்கிறது கஷ்டம், நித்திரை வராட்டி வராதுதான், ஆனா எழும்புற நேரம் எங்கட கையில கிடக்கு. ஆறு மணி எண்டால் ஆறு மணி, ஞாயிற்றுக்கிழமையும் அதுதான், கலியாண வீட்டால ஒரு மணிக்கு வந்து படுத்தாலும் கூடிப்போனால் ஒரு மணித்தியாலம் பிந்தலாம், அதுக்கு மேல விடாதேங்கோ. எழும்பின உடன போனைத் தூக்காமல் வெளிய வாங்கோ. முத்தம் கூட்டுங்கோ, சாமிக்குப் பூ ஆயுங்கோ, கிணத்தடியில நிண்டு பல்லுத் தீட்டுங்கோ, ஒண்டும் இல்லாட்டி ஒழுங்கையால ஒரு சுத்து நடவுங்கோ. இருபது நிமிசமாவது வானத்து வெளிச்சம் கண்ணில படவேணும். வீட்டுக்குள்ள ரியூப் லைற் எவ்வளவு பளீர் எண்டு இருந்தாலும் மழைக்கால மூட்டத்து வெளிச்சத்துக்கே அது கிட்டவும் வராது. எங்கட பழைய ஆக்கள் நித்திரைக்கு மருந்து தேடித் திரியாததுக்கு அவை விடியவே தோட்டத்தில நிண்டதும் ஒரு காரணம் எண்டு நான் நினைக்கிறன்.

மத்தியானச் சோறு சாப்பிட்டுப்போட்டு சாய்மனைக் கதிரையில சரியிறதை நான் பிழை எண்டு சொல்லமாட்டன், அந்த வெயிலுக்கு வேற என்ன செய்யுறது. ஆனா இருபது நிமிசம், கூடினால் அரை மணித்தியாலம், அதுவும் மூண்டு மணிக்கு முன்னம். ரெண்டு மணிக்குச் சரிஞ்சு நாலரைக்கு எழும்பினால் சேர்த்து வைச்ச அடினோசின் எல்லாம் கரைஞ்சு போயிடும், பேந்து இரவு ரெண்டு மணிக்கு விறாந்தையில உலாத்திக்கொண்டு "வயசு போனால் நித்திரை வராது பிள்ளை" எண்டு சொல்லுறதில என்ன ஞாயம்.

தேத்தண்ணி. இதில கொஞ்சம் கோவம் வரும், ஆனாலும் சொல்லுறன். தேயிலையிலயும் கோப்பியிலயும் இருக்கிற கஃபீன் செய்யுறது என்னெண்டால் அடினோசின் போய் இருக்கவேண்டிய கதிரையில தான் ஏறிக் குந்துறதுதான், களைப்பு போகேல்ல, களைப்புத் தெரியேல்ல, அவ்வளவுதான். உள்ள போன கஃபீன் பாதியாக் குறையவே பொதுவா அஞ்சு மணித்தியாலம் அளவில எடுக்கும். பின்னேரம் ஆறு மணிக்கு நல்ல சாயமா ஒரு தேத்தண்ணி குடிச்சால் பதினொரு மணிக்கும் அதில பாதி உடம்பில நிக்கும். அதால கடைசித் தேத்தண்ணியை ரெண்டு மூண்டு மணியோட முடியுங்கோ. பின்னேரம் வடையோட என்னத்தைக் குடிக்கிறது எண்டு கேட்டால் மல்லித் தண்ணி இருக்கு, சுக்கு இருக்கு, இளநி இருக்கு. மல்லியோட கோப்பிக்கொட்டையும் சேர்த்து இடிச்ச தூள் எண்டால் அது கோப்பிதான், மல்லி எண்டு உங்களை நீங்களே ஏமாத்தக் கூடாது.

இரவுச் சாப்பாடு எங்கட வீடுகளில நல்லாப் பிந்துது. ஒன்பதரைக்குப் புட்டும் உறைப்புக் கறியும் வயிறு முட்டச் சாப்பிட்டுப்போட்டுப் பத்து மணிக்குச் சரிஞ்சால் நெஞ்செரிவு வராமல் என்ன வரும். படுக்க ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு முன்னம் சாப்பிடுங்கோ, ஏழரை எட்டு மணி நல்லது. படுக்கப் போகேக்க பசிச்சால் ஒரு வாழைப்பழம் காணும். சுடு பால் குடிச்சால் நித்திரை வரும் எண்டு சொல்லுவினம், பாலில மந்திரம் ஒண்டும் இல்லை, ஆனா நாள்தோறும் ஒரே நேரத்தில ஆறுதலா இருந்து குடிக்கிற பழக்கம் உதவும், சீனியைக் குறைச்சுப் போடுங்கோ.

இப்ப எங்கட ஊருக்கே உரிய பிரச்சினை ஒண்டு: வெளிநாட்டுக் கோல். ரொறன்ரோவில மத்தியானம் பன்ரெண்டு மணிக்கு வேலையில பிரேக் எண்டால் இஞ்ச இரவு 9.30, அவையின்ர குளிர்காலத்தில 10.30. லண்டனில வேலையால வந்து சமைச்சுச் சாப்பிட்டு ஏழு மணிக்கு எடுத்தால் எங்களுக்கு 11.30, குளிர்காலம் எண்டால் 12.30. போன் அடிக்கும், கண்ணைக் கசக்கிக்கொண்டு எடுத்தால் "என்ன பிள்ளை, நித்திரையே?" எண்டு சித்தி கேப்பா, நாங்கள் உடன "இல்லைச் சித்தி, சும்மாதான் கிடந்தனான், சொல்லுங்கோ" எண்டு சொல்லுவம். லைற்றைப் போட்டு, வீடியோவில முகம் காட்டி, காணி விசயம், கலியாணப் பேச்சு, ஆரின்ரயோ செத்தவீடு எல்லாம் கதைச்சு வைக்க ஒரு மணித்தியாலம் போயிடும், பிறகு மனம் அந்தக் காணிக்குள்ளதான் சுத்திக்கொண்டு நிக்கும். இதுக்கு ஒரே வழி முன்கூட்டியே நேரம் பேசி வைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லண்டனில காலமை ஒன்பது மணி எண்டால் எங்களுக்கு மத்தியானம் ஒண்டரை இல்லாட்டி ரெண்டரை, ரொறன்ரோவில காலமை எட்டு எண்டால் பின்னேரம் அஞ்சரை இல்லாட்டி ஆறரை. எல்லாரும் ஆறுதலா இருக்கிற நேரம், சொன்னால் அவையும் சந்தோசமாச் சம்மதிப்பினம். அவசரம் எண்டு பயந்தால் போனில டூ நொட் டிஸ்டேர்ப் போட்டுக் குறிப்பிட்ட நம்பருகளை மட்டும் விடலாம், அடுத்தடுத்து ரெண்டாம் தரம் எடுத்தால் மட்டும் அடிக்கிற மாதிரியும் வைக்கலாம்.

ரிக்ரொக்கும் பேஸ்புக்கும் இதே வகைதான், படுக்க ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் போனை மற்ற அறையில சார்ச்சில போடுங்கோ. அலாத்துக்குப் போன் வேணுமாம் எண்டால் சந்தையில சின்ன அலாம் மணிக்கூடு ஒண்டு வாங்குங்கோ.

அறைச் சூடு அடுத்தது. சித்திரை வைகாசியில மேல கொங்கிறீற் பிளேற் போட்ட வீடுகளில இரவு பத்து மணிக்கு மேற்குப் பக்கச் சுவரில கையை வைச்சுப் பாருங்கோ, பகல் வெயில் அதுக்குள்ள இன்னும் சுடச்சுடக் கிடக்கும். உடம்புச் சூடு இறங்கினால்தான் ஆழ்ந்த நித்திரை வரும், அதால அப்பிடி அறையில ஏன் புரளுறீங்கள், கிழக்குப் பக்க அறைக்கு மாறுங்கோ, இல்லாட்டி விறாந்தைச் சீமெந்தில பாயைப் போட்டு நுளம்பு வலையைக் கட்டுங்கோ. பகலில மேற்கு யன்னலை மூடித் திரை போட்டு, பொழுதுபட எல்லா யன்னலையும் திறந்து விடுங்கோ, சோளகம் வீசுற காலம் எண்டால் அது போதும். நுளம்புச் சுருள் புகையை மூடின அறைக்குள்ள இரவு முழுக்கச் சுவாசிக்கிறதை விட வலை எவ்வளவோ திறம்.

படுக்க ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துக்கு முன்னம் இளஞ்சூட்டுத் தண்ணியில குளிச்சால் தோலுக்கு ரத்தம் வந்து உள்சூடு வெளியேறும், நித்திரை கெதியா வரும். தண்ணி காய்ச்சத் தேவையில்லை, மேல வைச்ச கறுத்தத் தாங்கித் தண்ணி வெயிலில காய்ஞ்சு பொழுதுபடவும் வெதுவெதுப்பாத்தான் வரும். இரவில குளிச்சால் தடிமன் பிடிக்கும் எண்டு அம்மம்மா கத்துவா, தலையை நனைக்காமல் மேலுக்கு மட்டும் தண்ணி ஊத்துங்கோ, ரெண்டு பேருக்கும் பிரச்சினையில்லை.

கோயில் லவுட் ஸ்பீக்கரை நிப்பாட்டுறது எங்கட கையில இல்லை, காதுக்குப் பஞ்சு வையுங்கோ, திருவிழா முடியும்.

இவ்வளவும் செய்தும் நித்திரை வராமல் புரண்டால்? மணிக்கூட்டைப் பாராதேங்கோ. இருபது நிமிசம் அளவில போயிட்டுது எண்டு தோணினால் எழும்பி வெளிய வாங்கோ, மங்கின வெளிச்சத்தில இருந்து தேவாரம் சொல்லுங்கோ, பழைய பேப்பர் ஒண்டை வாசியுங்கோ, கண் சொருகின பிறகு மட்டும் திரும்பிப் போய்ப் படுங்கோ. கட்டில் எண்டால் நித்திரை எண்டு மூளை பழகவேணும், கட்டில் எண்டால் யோசினை எண்டு பழகக் கூடாது. அடுத்த நாள் காலமை அதே நேரத்துக்கு எழும்புங்கோ, பகல் கொஞ்சம் அரியண்டமா இருக்கும், அடுத்த இரவு அதுக்குப் பலன் தெரியும். இதெல்லாம் ஒரு நாளில சரிவராது, ரெண்டு மூண்டு கிழமை விடாமல் செய்யவேணும்.

ரெண்டு குறுக்கு வழி இருக்கு, ரெண்டும் வேண்டாம். ஒண்டு சாராயம், கெதியா நித்திரையாக்கும், ஆனா நடுச்சாமத்துக்குப் பிறகு நித்திரையைத் துண்டு துண்டாக்கும், குறட்டையையும் கூட்டும். மற்றது தடிமன் குளிசையை நித்திரைக்குப் போடுறது, வயசானவைக்கு அது தலைச்சுத்து, மறதி, விழுகை எல்லாம் கொண்டு வரும். பாமசியில தாங்களாக் கேட்டு வாங்காதேங்கோ.

சில ஆக்களுக்கு இந்த வழியெல்லாம் காணாது, கட்டாயம் டொக்டரிட்டப் போகவேணும். பலமாக் குறட்டை விட்டு இடையில மூச்சு நிண்டு திடுக்கிட்டு எழும்புறவை, இரவில நாலைஞ்சு தரம் சலத்துக்கு எழும்புறவை (முதல் சீனியைச் சோதியுங்கோ), கிழமைக்கு மூண்டு இரவாவது மாதக்கணக்கில நித்திரை இல்லாதவை. சண்டைக் காலத்து நினைவுகள் கனவில வந்து கத்திக்கொண்டு எழும்புற ஆக்கள் எங்கட ஊரில இன்னும் இருக்கினம், அது விசர் இல்லை, அதுக்கு வைத்தியம் இருக்கு, 1926 எண்ட மனநல உதவி நம்பருக்குப் போன் எடுத்தால் தமிழிலயும் கதைக்கலாம். கிளினிக்குக்குப் போக முதல் ஒரு ரெண்டு கிழமைக்குக் கொப்பியில எழுதுங்கோ: எத்தினை மணிக்குப் படுத்தது, எத்தினை மணிக்கு எழும்பினது, இடையில எத்தினை தரம் முழிச்சது, எத்தினை தேத்தண்ணி. பாவிக்கிற குளிசைப் பெட்டியளையும் ஒரு பையில போட்டுக் கொண்டு போங்கோ, அங்க போய் "சின்ன வெள்ளைக் குளிசை" எண்டு சொன்னால் டொக்டருக்கு ஒண்டும் விளங்காது.