நீலம் பாரித்த படங்களை மீட்பது: ஜேபெக் மட்டும் கையில் இருந்தால்

ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா செட்டிங்) பல்பு அடையாளத்தில் வைத்துவிட்டுப் பகலில் வெளியே படம் எடுத்தால் எல்லாம் நீலம் பாரித்துத்தான் வரும். ரா கோப்பு, அதாவது கேமரா திருத்தாமல் பதியும் மூலக் கோப்பு, இருந்தால் கவலையே இல்லை. டார்க்டேபிளிலோ ராதெரபியிலோ திறந்து ஒயிட் பேலன்ஸை மாற்றினால் தீர்ந்தது. ஜேபெக் மட்டும் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. ஜிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளை நிறுவவும், அதில் ஒரு படத்தைத் திறக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இதை எழுதக் காரணம் என் அக்கா மகன். கோத்தகிரிப் பக்கம் நண்பன் ஊரில் ஹெத்தை ஹப்பா, நீலகிரிப் படகர்களின் திருவிழா, என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போனான். முதல் நாள் ராத்திரி நண்பன் வீட்டுக்குள் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த செட்டிங்கை மாற்றாமலே மறுநாள் காலை ஊர்வலத்தையும் எடுத்திருக்கிறான். "மாமா, எல்லாம் நீலமா இருக்கு, கடையில குடுத்தா சரி பண்ணுவாங்களா?" என்று கார்டை நீட்டினான். கடைக்காரர் என்ன செய்வார்? ஆட்டோ கலர் பொத்தானை அமுக்கிக் கொடுப்பார். அது நாமே அமுக்கலாம், ஆனால் சரிவராது. ஏன் என்று கீழே.

படி 1: என்ன நடந்தது என்று பாருங்கள்

படத்தைத் தொடும் முன் அதன் எக்ஸிஃப் விவரத்தை, அதாவது கோப்போடு பதிவாகியிருக்கும் கேமரா செட்டிங்குகளை, பாருங்கள். பையன் படங்களில் இருந்தது இது: ஐஎஸ்ஓ 6400, எஃப் 5.6, ஷட்டர் 1/4000, ஒயிட் பேலன்ஸ் பல்பு. பல்பு என்றால் சுமார் 3200 கெல்வின். மேகமூட்டமான பகல் வெளிச்சம் 6000 சொச்சம். வெளிச்சம் மஞ்சளாக இருப்பதாக நினைத்துக்கொண்டு கேமரா நீலத்தை ஏற்றி, சிவப்பை இறக்கிவிட்டது.

எல்லாப் படத்திலும் ஷட்டர் 1/4000 என்று ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தக் கேமராவால் அதற்கு மேல் வேகமாகப் போக முடியாது. முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். நல்ல வெயிலாக இருந்திருந்தால் ஐஎஸ்ஓ 6400க்கு எஃப் 5.6இல் 1/50000 அளவுக்கு வேண்டும். படம் மொத்தமாக வெளுத்துப் போயிருக்கும், மீட்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இங்கே காப்பாற்றியது பனிமூட்டம்தான். மூட்டத்தில் வெளிச்சம் குறைவு, அதனால் கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரு மடங்காவது ஒரு ஸ்டாப்) மட்டுமே கூடுதலாக விழுந்தது. இன்னொரு பக்கம், கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். மூட்டத்தை அதன் போக்கில் விட்டால் அழுக்குச் சாம்பலாக வரும். நாம்தான் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை, அதாவது மீட்டர் சொல்வதைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்கை, +1 வைக்க வேண்டும். ஒரு தப்பு இன்னொன்றை ஈடுகட்டி, வெளிச்ச அளவு சரியாக அமைந்துவிட்டது. மிச்சம் நிறமும் புள்ளி புள்ளியான இரைச்சலும்தான்.

படி 2: நிறத்துக்கு முன்னால் இரைச்சல்

சிவப்பு ஏற்கெனவே நலிந்து கிடக்கிறது. அதை ஏற்றினால் அதிலுள்ள இரைச்சலும் சேர்ந்து ஏறும், முகமெல்லாம் செம்புள்ளி ஆகும். அதனால் இரைச்சலை முதலில் அடக்குங்கள். லேயரை நகலெடுத்து, மேல் லேயருக்கு காஸியன் பிளர் 6 முதல் 8 பிக்சல் கொடுத்து, லேயர் மோடை "எல்சிஎச் கலர்" என்று மாற்றுங்கள். நிறம் மட்டும் மழுங்கும், விவரம் கீழ் லேயரிலிருந்து அப்படியே தெரியும். மணல் துகள் போன்ற இரைச்சல் மிஞ்சும், அதை விட்டுவிடுங்கள். அதையும் துடைத்தால் முகம் மெழுகாகிவிடும். பிறகு இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம்.

படி 3: எதைச் சாம்பல் என்று எடுப்பது?

இங்கேதான் நான் ஒரு மாலை முழுவதும் மாட்டிக்கொண்டேன்.

ஹெத்தை ஹப்பாவில் படகர் பெண்கள் வெள்ளை உடுத்துவார்கள். படம் முழுக்க வெள்ளைத் துணி. இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்குமா என்று லெவல்ஸ் என்ற ஜிம்ப் கருவியில் உள்ள, சாம்பலைக் காட்டிக்கொடுக்கும் சொட்டுக்குழாயை எடுத்து ஒரு பாட்டியின் போர்வையில் வைத்தேன். துணி வெள்ளையானது, பாட்டி முகம் மஞ்சள் காமாலை வந்ததுபோல் ஆனது. பக்கத்துப் போர்வையில் வைத்தால் வேறு மாதிரி மஞ்சள்.

காரணம் சொட்டு நீலம். நம் வீடுகளில் வெள்ளைத் துணியை அலசும்போது அதைக் கலக்கிறோம் அல்லவா, துணியில் உண்மையிலேயே நீலச் சாயல் இருக்கிறது. சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருளும் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக ஒளிரும். மலையில் உயரம் கூடக் கூட புற ஊதாக் கதிரும் கூடும், அதனால் அந்த ஒளிர்வு இங்கே இன்னும் தூக்கல். நீலச் சாயல் உள்ள துணியைச் சாம்பல் என்று மென்பொருளிடம் சொன்னால், அது அளவுக்கு மீறி நீலத்தை எடுத்துவிடும். ஆட்டோ கலர் தோற்பதற்கும் இதில் பங்கு உண்டு.

துணியை விடுங்கள். ஈரமில்லாத கருங்கல், சிமெண்ட் மின்கம்பம், காய்ந்த தார் ரோடு, இதில் எது படத்தில் இருக்கிறதோ அதை எடுங்கள். ஈர ரோடு வானத்தைக் காட்டும், ஆகாது. சில்வர் ஓக் மரத்தின் பட்டை சாம்பல்தான், ஆனால் பாசி ஏறியிருந்தால் பச்சை அடிக்கும். தேயிலைச் செடிப் பக்கமே போகாதீர்கள்.

படி 4: லெவல்ஸில் மூன்று இடம்

சொட்டுக்குழாயை மறந்துவிட்டுக் கையால் செய்யுங்கள், எண்களை வைத்து. கலர் பிக்கர் கருவியில் "சாம்பிள் ஆவரேஜ்" போட்டு, ஷிஃப்ட் அழுத்திக் கிளிக் செய்தால் எண்கள் தெரியும். ஒரு படத்தில் கல்லில் கிடைத்தது சிவப்பு 78, பச்சை 112, நீலம் 171. பின்னால் இருந்த பனிமூட்டத்தில் சிவப்பு 180, பச்சை 235, நீலம் 255.

அந்த 255ஐக் கவனியுங்கள். நீலம் உச்சியில் முட்டிவிட்டது. உண்மையான அளவு அதற்கு மேலே எங்கோ இருந்திருக்கும், அது போனது போனதுதான். வெப்பநிலை ஸ்லைடரை மட்டும் நகர்த்தினால் கல் சரியாகும்போது மூட்டம் மஞ்சள் ஆவது இதனால்தான். ஒரே அளவில் எல்லா இடத்தையும் திருத்த முடியாது.

பச்சையைத் தொட வேண்டாம். மற்ற இரண்டையும் அதற்குச் சமமாகக் கொண்டுவர வேண்டும். முதலில் இமேஜ் மெனுவில் பிரிசிஷனை 16 பிட்டுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் மூட்டத்தில் பட்டை பட்டையாக விழும். பிறகு கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ்.

சிவப்புச் சேனலில், மேல் வரிசையின் வலது பிடியை 195க்கு இழுங்கள் (16 பிட்டில் லெவல்ஸ் 255க்குப் பதில் 100 வரை காட்டினால் 76.5க்கு). மூட்டத்தின் 180, 235 ஆகும். கல்லின் 78, 102 ஆகும். இன்னும் 10 குறைகிறது. அதற்கு நடுப் பிடியை 1.11 ஆக்குங்கள். கல் 112க்கு வந்துவிடும், மூட்டம் 237க்கு நகரும். அந்த இரண்டு எண் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

நீலச் சேனலில் மேல் வரிசை உதவாது. உச்சியில் முட்டிய நீலத்தை இறக்க, கீழே "அவுட்புட்" என்று இருக்கும் வரிசையின் வலது பிடியை 235க்குக் கொண்டுவாருங்கள் (100 வரை காட்டினால் 92.2). இந்த வரிசையைப் பலர் தொடுவதே இல்லை. முட்டிய இடமெல்லாம் இப்போது பச்சைக்குச் சமமாக 235. அடுத்து நடுப் பிடியை 0.54க்கு இறக்கினால் கல்லும் 112க்கு வரும்.

உங்கள் படத்தில் எண்கள் மாறும், வரிசை மாறாது: முதலில் வெளிச்சமான இடம், பிறகு நடுச் சாம்பல். பிரிசெட்டாகச் சேமித்தால் அதே மூட்டத்தில் எடுத்த மற்ற படங்களுக்கும் போடலாம். வெயில் எட்டிப் பார்த்த பிறகு எடுத்ததற்கு மறுபடி அளக்க வேண்டும்.

மூட்டத்திலேயே மிக வெளிச்சமான இடம், பச்சை 250 தாண்டும் இடம், லேசாக மஞ்சள் அடிக்கும். ஃப்ரீ செலக்டில் வளைத்து, ஓரம் தெரியாமலிருக்க ஃபெதர் 100 பிக்சல் கொடுத்து, சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியை, பாதிக்குக் குறைத்தால் போதும்.

வேலை முடியும்வரை ஜிம்ப்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப் ஆகவே சேமியுங்கள். ஜேபெக்கைத் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கெடும்.

டீஹேஸ் பற்றி

யாராவது மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடரை இழுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். நீலகிரிக் காலையில் மூட்டம் குறையல்ல, படமே அதுதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அழுக்குப் பச்சைச் சரிவும் கம்பி வேலியும்.

இனிமேல் வராமல் இருக்க

ரா மற்றும் ஜேபெக் இரண்டும் சேர்த்துப் பதியும்படி வையுங்கள், கார்டு இப்போது மலிவு. நைக்கான் கேமராக்கள் பலவற்றில் பச்சைப் புள்ளி போட்ட இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பும். கேனனில் மெனுவுக்குள் போக வேண்டும். நான் ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்திலேயே நிறுத்திவிட்டு ரா எடுப்பவன். ஆட்டோவில் வைத்தால் தேயிலைப் பச்சையைப் பார்த்துக் கேமரா படத்துக்குப் படம் ஒரு நிறம் தருகிறது.

பின்சேர்க்கை: கேட்கப்பட்டவை

கருப்பு வெள்ளை ஸ்டைலில் வைத்து எடுத்த ஜேபெக்கில் நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். முடியாது. நிறத் தகவலே கோப்பில் இல்லை. செயற்கையாக வண்ணம் பூசலாம், அது வேறு விஷயம்.

லெவல்ஸ் முடிந்த பிறகு சிவப்பு ஸ்வெட்டரின் நிறம் பக்கத்து வெள்ளைத் துணியில் கசிகிறது என்று இன்னொருவர். அது படி 2இன் வேலை. பிளரை 3 பிக்சலாகக் குறையுங்கள், அல்லது அந்த ஓரத்தில் மட்டும் மேல் லேயரை அழிப்பானால் தேய்த்துவிட்டு பிறகு ஒன்றாக்குங்கள்.

கம்ப்யூட்டர் இல்லை, போன் மட்டும்தான் என்பவர்களுக்கு: ஸ்னாப்சீட் என்ற படத் திருத்தச் செயலியில் கர்வ்ஸ் உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக இருக்கிறது. நீலத்தின் வலது மேல் மூலைப் புள்ளியைக் கீழே இழுப்பதும் ஜிம்ப்பின் அவுட்புட் பிடியை நகர்த்துவதும் ஒன்றேதான். நடுவில் ஒரு புள்ளி வைத்துக் கீழே இறக்குங்கள், சிவப்பில் அதே நடுப்புள்ளியை மேலே ஏற்றுங்கள். அதில் எண்ணைப் படிக்க வசதி இல்லாததால் திரை வெளிச்சத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, கல்லைப் பார்த்தே செய்ய வேண்டும். போனில் இரவு நேர மஞ்சள் திரை வசதி ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள்.